பைக் ஸ்பீக்கர்: தண்ணீரை உள்ளே விட்டுப் பூட்டாதீர்கள்

முதல் மழை முடிந்த மறுநாள் "கரகரன்னு சத்தம் வருது" என்று யாராவது ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டு வருவார்கள். திறந்து பார்த்தால் நான் பழகின காலத்தில் செய்த அதே தப்புகள். பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுப்பது, போல்ட்டை முறுக்க மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு தடவை பட்டால் தானாகப் புரிந்துவிடும். பட்டும் புரியாதவை சில உண்டு, அவற்றைப் பற்றித்தான் இது.

பெட்டி மேல் போட்ட வாட்ஸைப் பார்த்து வாங்குவது

பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது 'பீக்' அல்லது 'மேக்ஸ்' வாட்ஸ். கண் இமைக்கும் நேரத்துக்குத் தாங்கும் அளவு அது. பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ் வாட்ஸ், அதாவது தொடர்ந்து தாங்கும் அளவு. அதைவிட முக்கியமானது சென்ஸிட்டிவிட்டி. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபெல் வருகிறது என்ற கணக்கு. 3 டெசிபெல் கூட வேண்டுமென்றால் பவர் இரண்டு மடங்கு வேண்டும். ஆக, 87 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 100 வாட்ஸ் கொடுத்து வரும் சத்தத்தை 93 டெசிபெல் ஸ்பீக்கர் 25 வாட்ஸிலேயே கொடுத்துவிடும்.

வீட்டில் இது பெரிய விஷயமில்லை. பைக்கில் அந்த 75 வாட்ஸ் எங்கிருந்து வரும்? கிளாஸ் டி ஆம்ப் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத ஆம்ப்ளிஃபையர்) வைத்து இரண்டு பக்கமும் 50 வாட்ஸ் முழுதாக இழுத்தால் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 9 ஆம்பியர் போகும். பாட்டு ஓடும்போது சராசரி இதைவிடக் குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது சார்ஜிங்கும் குறைவு. நிறுத்திய பைக்கில் நண்பர்களுக்குப் போட்டுக் காட்டிவிட்டு, அப்புறம் ஸ்டார்ட் ஆகவில்லை என்று தள்ளிக்கொண்டு போகிறவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

பேஸ் தேடுவது

ஓடும் பைக்கில் பேஸ் கேட்காது. காற்றின் இரைச்சலில் பெரும்பகுதி கீழ் அலைவரிசையில்தான் இருக்கிறது, அது பேஸை அப்படியே விழுங்கிவிடும். பேஸை ஏற்ற ஏற்ற கோன் (ஸ்பீக்கரின் நடுவில் அதிரும் கூம்பு) முன்னும் பின்னும் துடிக்குமே தவிர, காதுக்கு ஒன்றும் வந்து சேராது. 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஹை-பாஸ் ஃபில்டரைப் போட்டுக் கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள். குரல் தெளிவாகும், ஸ்பீக்கரும் நீடிக்கும்.

காகிதக் கோன்

வேண்டாம். பாலிப்ராப்பிலீன் கோன், ரப்பர் சரவுண்டு (கோனைச் சுற்றி விளிம்பில் இருக்கும் வளையம்) வாங்குங்கள். ஃபோம் சரவுண்டும் வேண்டாம்.

ஐபி எண்ணை முழுதாக நம்புவது

ஐபி67 என்றால் முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 7 என்பது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் முக்கி எடுக்கும் சோதனை. 5 என்பது குழாயிலிருந்து பீய்ச்சும் சோதனை. 7 வாங்கியது 5-ஐயும் தாங்கும் என்று அர்த்தமில்லை, இரண்டும் தனித்தனிச் சோதனைகள். பைக்கில் வேகமாகப் போகும்போது ஸ்பீக்கர் மேல் படுவது பீய்ச்சல்தான், முக்கல் இல்லை. அதனால் இரண்டாவது எண்ணாக 5 அல்லது அதைவிடப் பலமான பீய்ச்சலுக்கான 6 இருக்கிறதா என்று பாருங்கள். பீய்ச்சல், முக்கல் இரண்டும் இருந்தால் பெட்டியில் சேர்த்தே போட்டிருப்பார்கள்.

இன்னொன்று, அந்தச் சோதனை நடப்பது புது ஸ்பீக்கரில். வெயிலில் ரப்பர் வெடிப்பதையும், அதிர்வில் ஸ்குரூ தளர்வதையும் அது பார்க்காது. சில மாடல்களில் முன்பக்கத்துக்கு மட்டும்தான் அந்த எண் பொருந்தும், பின்பக்கம் பெட்டிக்குள் இருக்கும் என்று வைத்துக்கொண்டு கொடுத்தது. சின்ன எழுத்தைப் படியுங்கள். படகுக்கென்று வரும் ஸ்பீக்கர்களில் உப்புக்காற்றுக்கும் புற ஊதாக் கதிருக்கும் தனியாகச் சோதித்தவை கிடைக்கும். பைக்குக்கு அவை நன்றாகவே பொருந்தும்.

சிலிக்கானை எடுத்து நாலாபக்கமும் அப்புவது

எனக்கு இன்னும் எரிச்சல் தீராத இடம் இது.

மழை உள்ளே போகக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் ஸ்பீக்கர் பெட்டியின் மூடி விளிம்பு, ஸ்குரூ துளை, வயர் நுழையும் இடம் என்று எல்லாவற்றையும் சிலிக்கானால் அடைத்துவிடுகிறார்கள். அடியில் கம்பெனியே வேண்டுமென்று விட்டிருக்கும் சின்னத் துளையையும் சேர்த்து.

ஒரு தம்பி இப்படி ஒரு ஜோடியைக் கொண்டு வந்தார். "அண்ணே, ஒரு சொட்டு போக வழியில்ல, நானே சீல் பண்ணேன்" என்றார். விளிம்பைப் பிளேடால் கீறி மூடியைத் தூக்கியதும் டீ நிறத்தில் தண்ணீர் மேஜையில் கொட்டியது. காந்தத்தின் பின்தட்டு செதில் செதிலாக உரிந்தது. டெர்மினலில் பச்சைப் பூஞ்சணம் மாதிரி செம்புக் களிம்பு. அதற்கு மேல் புளிச்ச வினிகர் வாடை. "எப்படிண்ணே போச்சு?" என்றுதான் அவர் திரும்பத் திரும்பக் கேட்டார்.

இப்படித்தான் போகிறது. வெயிலில் நின்ற பெட்டிக்குள் காற்று 60 டிகிரிக்குச் சூடாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திடீர் மழை அதை 25 டிகிரிக்கு இறக்குகிறது. பெட்டி நன்றாக அடைபட்டிருந்தால் உள்ளே அழுத்தம் பத்து சதவீதம் போல இறங்கும். ஒரு மீட்டர் தண்ணீரின் அழுத்தத்துக்கு அது சமம். ஐபியில் 7 வாங்க முக்குகிற அதே ஆழம்தான். வெளியே பெட்டி முழுக்க ஈரம், உள்ளே உறிஞ்சல். சிலிக்கானில் முடி அளவு இடைவெளி இருந்தாலும் அது வழியாகத் தண்ணீர் இழுபடும். அது இல்லாவிட்டால் வயர் இருக்கிறது. முறுக்கிய செம்பு இழைகளுக்கு நடுவே, உறைக்கு உள்ளேயே, தண்ணீர் ஊர்ந்து வரும். வெளியே எவ்வளவு அப்பியும் பயனில்லை. நிஜமாகவே காற்றுப் புகாமல் அடைத்துவிட்டீர்கள் என்றால் கோன் உள்வாங்கி, அதை அசைக்கும் கம்பிச்சுருளான காயில் நடுநிலையை விட்டு நகர்ந்து, சத்தம் உடையும். எப்படிப் பார்த்தாலும் நஷ்டம்.

உள்ளே வந்த தண்ணீருக்கு வெளியே போக வழியும் கிடையாது, அதைத்தான் அடைத்தாயிற்றே. பகலில் ஆவியாகி, இரவில் காந்தத்திலும் டெர்மினலிலும் வியர்த்து, மழையே இல்லாத நாட்களிலும் துரு பிடித்துக்கொண்டே இருக்கும்.

வினிகர் வாடைக்குக் காரணம், சாதாரண சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும். மூடிய பெட்டிக்குள் அது செம்பைத்தான் தின்னும். டியூபில் 'நியூட்ரல் க்யூர்' என்று போட்டிருப்பதை மட்டும் மின் இணைப்புகளின் பக்கம் கொண்டு போங்கள்.

சரி, என்ன செய்வது? மேல்பக்கத்தையும் முன்பக்கத்தையும் கேஸ்கெட் போட்டு மூடுங்கள். அடியில் 3 அல்லது 4 மில்லிமீட்டர் துளை ஒன்று விடுங்கள். அந்த 'அடி' எது என்பதை பைக்கைச் சைடு ஸ்டாண்டில் சாய்த்து நிறுத்திப் பாருங்கள், நேராக நிற்கும்போது இருக்கும் அடி வேறு. சந்தேகமாக இருந்தால், ஸ்பீக்கரை மாட்டும் முன் வெறும் பெட்டிக்குள் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு எங்கே தேங்குகிறது என்று பார்த்துவிடுங்கள். சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் நேராக ஏறாதபடி துளை பின்பக்கம் பார்க்கட்டும். உள்ளிருந்து ஒரு துண்டு வலை ஒட்டினால் குளவி கூடு கட்டாது. துளை போட்டால் சத்தம் கெடுமா என்று கேட்பார்கள். ஓடும் பைக்கில் அந்த வித்தியாசத்தைக் காதால் கண்டுபிடிக்க முடியாது.

துளை போட மனம் வரவில்லை என்றால் கார் ஹெட்லைட்டில் இருப்பது போன்ற சவ்வு வென்ட் கிடைக்கிறது. காற்றை விடும், தண்ணீரை விடாது.

வயரை நேராக நுழைக்காமல், நுழையும் இடத்துக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலேற்றுங்கள், சொட்டு அங்கேயே விழுந்துவிடும். வெள்ளீயம் பூசிய செம்பு வயர், இணைப்பின் மேல் உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் குழாய்), டெர்மினலில் ஈரத்தைத் தடுக்கும் டைஎலக்ட்ரிக் கிரீஸ். இவ்வளவு போதும்.

பிரஷர் வாஷர்

ஸ்பீக்கர் பக்கம் திருப்பவே திருப்பாதீர்கள்.

பிளாஸ்டிக்கில் த்ரெட்லாக்கர்

ஸ்குரூ தளராமல் பிடிக்கும் பசை அது, அதிர்வுக்கு நல்லதென்று ஊற்றுவார்கள். ஏபிஎஸ், பாலிகார்பனேட் பாகங்களில் அது பட்டால் வெடிப்பு விடும். நைலாக் நட்டும் (உள்ளே நைலான் வளையம் உள்ள நட்) ரப்பர் வாஷரும் போடுங்கள்.

ஹேண்டில்பாரைத் திருப்பிப் பார்க்காமல் வயரைக் கட்டுவது

நேராக வைத்துக் கட்டிவிட்டு, முழுதாகத் திருப்பும்போது வயர் இழுபட்டால் முதலில் அறுவது உள்ளே உள்ள இழைகள். வெளியே உறை நன்றாகவே இருக்கும், மழை வந்தால் "ஸ்பீக்கர் போச்சு" என்பார்கள். இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, கிளட்ச் கேபிளோடு உரசுகிறதா என்றும் பார்த்த பிறகு டை போடுங்கள். ஃப்யூஸ் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். ஆம்ப் பக்கத்தில் வைத்தால் நடுவில் உரசி ஷார்ட் ஆகும் வயரை அது காப்பாற்றாது.