நெட் ஸ்லோவா? முதல்ல ஒயரை மாட்டிப் பாருங்க

டவுன்லோடு இழுத்துக்கிட்டே கெடந்தா கம்ப்ளைண்ட் போடுறதுக்கு முன்னாடி லேப்டாப்பை லேன் கேபிள்ல நேரா ரவுட்டர்ல சொருகி ஸ்பீடு டெஸ்ட் போடுங்க, அதுல முழு ஸ்பீடு வந்தா லைன் நல்லாத்தான் இருக்கு, கோளாறு வைஃபையில, அதை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில இருந்து 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்துங்க. 2.4-ல ஒண்ணோட ஒண்ணு இடிக்காத சேனல், அதாவது சிக்னல் போற தனித்தனி பாதை, 1, 6, 11 மூணே மூணுதான், நம்ம செங்கோட்டைப் பக்கம் சுவரோட சுவர் ஒட்டுன வீட்டு வரிசையில எல்லா ரவுட்டரும் அதுக்குள்ளதான் முட்டிக்கிட்டு நிக்கும். ஆனா 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் கனத்த சுவரைத் தாண்டுனா ரொம்ப வீக்காயிடும், பழைய வீடுன்னா ரவுட்டர் இருக்குற ரூம்லயே உக்காரணும். 100 எம்பிபிஎஸ் பிளான்ல செகண்டுக்கு 12 எம்பி எறங்குனா அது சரியான ஸ்பீடுதான், பிளான் ஸ்பீடு பிட்டுக் கணக்கு, டவுன்லோடு காட்டுறது பைட்டுக் கணக்கு, 8 பிட்டு ஒரு பைட்டு. ஒயர்லயும் ஸ்லோ, இல்ல ஃபைபர் பெட்டியில எல்ஓஎஸ் லைட்டு (சிக்னல் வரலைன்னு காட்டுறது) சிவப்பா எரியுதுன்னா இதெல்லாம் வேலைக்காகாது, லைன்மேனைக் கூப்பிடுங்க.