விதைப்பைல கட்டி தட்டுப்பட்டா என்ன செய்யணும்: சார்கோமா பத்தியும் தெரிஞ்சுக்கோங்க

விதைப்பைல வலியே இல்லாம ஒரு கட்டி தட்டுப்படுதா, வெட்கத்த ஓரமா வச்சிட்டு உடனே யூராலஜி டாக்டர்கிட்ட போங்க. வலிக்கலையேன்னு மாசக்கணக்கா விட்டுடாதீங்க, இந்த எடத்துல வலிக்காம வளர்ற கட்டியத்தான் சீக்கிரம் பாக்கணும்.

விதைல வர்ற புற்றுநோய்ல பெரும்பாலானது உள்ள விந்தணு உருவாக்குற ஜெர்ம் செல்லேந்து வரும். சார்கோமாங்கிற புற்றுநோய் அப்படி இல்ல, விதைய சுத்தியும் அதுக்கு மேல போற ஸ்பெர்மாட்டிக் கார்டுலயும் (ரத்தக்குழாயும் விந்துக்குழாயும் போற கயிறு மாதிரியான கட்டு) இருக்கிற கொழுப்பு, தசை மாதிரி மென்திசுலேந்து கிளம்பும். ரொம்ப அபூர்வம். சின்னப் பசங்க, டீனேஜ் பசங்களுக்கு ராப்டோமயோசார்கோமா (தசை வகை), வயசானவங்களுக்கு லைப்போசார்கோமா (கொழுப்பு வகை), லியோமயோசார்கோமா (மென்தசை வகை) வரும்.

சுடுதண்ணில குளிச்சப்புறம் தோல் தளர்ந்திருக்கும், அப்போ விதைய விரலுக்கு நடுவுல மெதுவா உருட்டிப் பாருங்க. பின்பக்கம் மெத்துன்னு இருக்கிறது எபிடிடிமிஸ், விந்தணு தங்குற குழாய், பயப்படாதீங்க. கெட்டியா, புதுசா ஏதாவது இருந்தா அல்ட்ராசவுண்ட் எடுக்கணும். ரத்தத்துல ஏஎஃப்பி, எச்சிஜின்னு விதைப் புற்றுநோய் இருந்தா கூடக்கூடிய பொருள்கள பாப்பாங்க, ஆனா சார்கோமால அது பெரும்பாலும் நார்மலாத்தான் வரும், அதனால ரிப்போர்ட் நார்மல்னு நிம்மதியா இருந்துடக்கூடாது. லைப்போசார்கோமாவ ஹெர்னியான்னு (குடலிறக்கம்) நெனச்சு ஆபரேஷன் பண்றதும் நடக்குது, அங்க வித்தியாசமா கொழுப்புக் கட்டி எடுத்தா கட்டாயம் பயாப்ஸிக்கு அனுப்பச் சொல்லுங்க.

இதுல ரொம்ப முக்கியமானது, கத்தி எங்க வைக்கிறாங்கங்கிறது. புற்றுநோய்னு சந்தேகம் இருந்தா தொடை இடுக்கு வழியா திறந்து, விதையையும் கார்டையும் சேர்த்து முழுசா எடுக்கணும். விதைப்பை தோல்ல வெட்டவோ அது வழியா ஊசி குத்தி பயாப்ஸி எடுக்கவோ விடாதீங்க. விதையோட நிணநீர் மேல வயித்துக்குள்ள பெரிய ரத்தக்குழாய் பக்கத்துல இருக்கிற நிணநீர் கணுவுக்குப் போகுது, தோலோடது தொடை இடுக்குக்குப் போகுது, தோல வெட்டினா நோய்க்கு இன்னொரு பாதை நாமளே திறந்து விட்டமாதிரி. ஆபரேஷனுக்கு முன்னாடியே "எந்த வழியா எடுக்கப் போறீங்க டாக்டர்"னு தயங்காம கேளுங்க.

அப்புறம் பயாப்ஸி ஸ்லைடையும், திசுவ மெழுகுல பதிச்சு வச்ச பிளாக்கையும் வாங்கி, சார்கோமா பாத்துப் பழகின பெத்தாலஜிஸ்ட்கிட்ட (திசுவ பரிசோதிக்கிற டாக்டர்) ஒரு தடவ காட்டுங்க, ஏன்னா வகை மாறினா வைத்தியமே மாறும். ராப்டோமயோசார்கோமாவுக்கு கீமோ கட்டாயம், பத்து வயசும் அதுக்கு மேலயும் உள்ள பசங்களுக்கு வயித்துக்குள்ள இருக்கிற கணுவையும் எடுத்துப் பாக்கறது வழக்கம். லைப்போசார்கோமாவுக்கு ஆபரேஷன்தான் பிரதானம், ஓரத்துல கட்டி மிச்சம் இருக்கான்னு ரிப்போர்ட்ல பாருங்க.

கீமோ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, வயசுக்கு வந்த பையனா இருந்தா விந்து சேமிச்சு வைக்கிறதப் பத்தி நீங்களே கேட்டுடுங்க, அந்தப் பதட்டத்துல யாருக்கும் ஞாபகம் வராது. லைப்போசார்கோமா பல வருஷம் கழிச்சுக்கூட அதே எடத்துல திரும்ப வரலாம், அதனால நல்லாயிட்டோம்னு ஸ்கேன நிறுத்தாதீங்க.