புரொப்பல்லரை மாற்றினீர்களா? விமானத்தைத் திரும்ப எடை போடுங்கள்

சொந்தமாகக் கட்டிய இரண்டு இருக்கை விமானம். மரப் புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு உலோகப் புரொப்பல்லர் மாட்டியாயிற்று. 13 கிலோதானே கூடியிருக்கிறது என்று பறக்கக் கிளம்பாதீர்கள். எவ்வளவு கூடியது என்பதோடு எந்த இடத்தில் கூடியது என்பதையும் பார்க்க வேண்டும்.

முதலில் கொட்டகைக் கதவைச் சாத்துங்கள். காற்று இறக்கையைத் தூக்கினால் தராசு பொய் சொல்லும். பெட்ரோலை வடித்துவிடுங்கள், எஞ்சின் ஆயில் இருக்கட்டும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு தராசு. வால்சக்கர விமானம் என்றால் வாலை ஸ்டாண்டில் தூக்கி வைத்து, ரசமட்டம் பார்த்துப் பறக்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். ஸ்டாண்டின் எடையைக் கழிக்க மறக்காதீர்கள்.

அப்புறம் தூரம். வரைபடத்தில் குறித்த ஆதாரக் கோட்டிலிருந்து ஒவ்வொரு சக்கரத்தின் அச்சுக்கும் தூக்குக்குண்டு விட்டு அளக்கவும். எடையைத் தூரத்தால் பெருக்கினால் திருப்புத்திறன். மொத்தத் திருப்புத்திறனை மொத்த எடையால் வகுத்தால் ஈர்ப்பு மையம்.

கணக்குக்காக ஒரு பழைய எடைத்தாள்: முன் சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து 412 கிலோ, தூரம் 1.50 மீட்டர். வால் 25 கிலோ, 5.80 மீட்டர். 618 + 145 = 763. அதை 437 ஆல் வகுத்தால் 1.746 மீட்டர். இப்போது புரொப்பல்லர் இருக்கும் 0.10 மீட்டரில் 13 கிலோ சேருங்கள்: 764.3 ÷ 450 = 1.698. மையம் கிட்டத்தட்ட 5 செ.மீ. முன்னால் போய்விட்டது! புதிதாக எடை போட்டதும் இதே எண்தான் வர வேண்டும். வராவிட்டால், இடையில் அடித்த பெயின்ட், மாட்டிய ரேடியோ என்று எதையோ எழுதாமல் விட்டிருப்பீர்கள்.

சரிக்கட்ட வாலில் ஈயம் வைப்பதை நான் கடைசி வழியாகத்தான் பார்ப்பேன். 6 கிலோ பேட்டரியை 1.0 மீட்டரிலிருந்து 3.2 மீட்டருக்கு நகர்த்தினால், வயரின் எடை தவிர வேறெதுவும் கூடாமல் 2.9 செ.மீ. திரும்பக் கிடைக்கும்.

இனி ஆளையும் சாமானையும் ஏற்றிக் கணக்குப் போடுங்கள். ஒல்லியான பைலட் தனியாக ஒரு தடவை. கனமான பயணி, முழுச் சாமானோடு இன்னொரு தடவை. இரண்டையும் டாங்கி நிரம்பியபோதும் காலியானபோதும் பாருங்கள். ஆர்வி (RV, சொந்தமாகக் கட்டும் விமான வகை) விமானங்களில் டாங்கி இறக்கையின் முன்விளிம்பில் இருப்பதால், பெட்ரோல் தீரத் தீர மையம் பின்னால் நகரும். ஏறும்போது வடிவமைப்பாளர் தந்த வரம்புக்குள் இருந்தது இறங்கும்போது தாண்டிவிடலாம். மூக்கு கனமானால் இறங்கும்போது தூக்கச் சிரமம், அவ்வளவுதான் பெரும்பாலும். மையம் வரம்பைத் தாண்டிப் பின்னால் போனால் விமானம் நிலைகொள்ளாது, சுழன்று விழத் தொடங்கினால் மீளாமலே போகலாம்.

எலிவேட்டருக்கு (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) புதுப் பெயின்ட் அடித்திருந்தால் அதைத் தனியாகக் கழற்றி அதன் சமநிலையையும் பாருங்கள். கொஞ்சம் பெயின்ட்கூட வேகத்தில் அந்தப் பலகையில் படபடவென்ற அதிர்வைக் கிளப்பிவிடும்.