உயுனி உப்புவெளி: மூன்று நாள் ஜீப் பயணத்துக்கு முன்

பொலிவியாவின் உயுனிக்குப் போவதென்றால் முதலில் உடம்பை உயரத்துக்குப் பழக்குங்கள். உயுனி ஊரே சுமார் 3,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூன்றாம் நாள் விடியலில் காட்டும் சோல் தே மன்யானா நீராவி ஊற்றுகளோ 4,800 மீட்டருக்கும் மேலே. அதனால் 2,800 மீட்டரில் உள்ள சுக்ரே நகரில் இரண்டு இரவு தங்கிவிட்டுப் போங்கள். நான் நேராகப் போய், முதல் இரவு முழுக்கத் தலைவலியோடு கொக்கா இலைத் தேநீரும் கையுமாக உட்கார்ந்திருந்தேன்.

பணம் கட்டுமுன் ஜீப்பில் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஆறுக்கு மேல் என்றால் வேண்டாம். பின்வரிசையில் முழங்கால் நெஞ்சில் முட்டும். தூங்குபை தருவார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். ஜூன், ஜூலையில் இரவுக் குளிர் பூஜ்யத்துக்கு வெகு கீழே இறங்கும். கழிப்பறைக்கும் வழியில் வரும் வனவிலங்குச் சரணாலய நுழைவுக்கும் பொலிவியானோ (அந்நாட்டுப் பணம்) ரொக்கமாக வேண்டும்.

ஜனவரி, பிப்ரவரியில் உப்பின் மேல் தண்ணீர் நின்று வானமே காலடியில் தெரியும். ஆனால் உப்புவெளியின் நடுவே கள்ளிச்செடிகள் நிறைந்து நிற்கும் இன்காவாசி தீவுக்கு அப்போது ஜீப் போக முடியாமல் போகலாம். எனக்கு வறண்ட காலம்தான் பிடிக்கும். உப்பு கட்டம் கட்டமாக வெடித்து, ஓரங்கள் மேடாக நிற்கும். ஓட்டுநரிடம் வண்டியை நிறுத்தச் சொல்லி, மண்டியிட்டு அந்த ஓரத்தைத் தடவிப் பாருங்கள். நறநறவென்று விரலில் ஒட்டும். அப்புறம், கறுப்புக் கண்ணாடி இல்லாமல் இறங்காதீர்கள். தரையிலிருந்தும் வெயில் கண்ணில் அடிக்கும்.