பிளேட்லெட் எண்ணைத் துரத்தும்போது கோட்டை விடுபவை

மழைக்காலம் வந்துவிட்டால் கேஷுவாலிட்டியில் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "பிளேட்லெட் எவ்வளவு?" ஐந்து நாள் ஜுரம், 40 ஆயிரம் பிளேட்லெட் என்றால் கேஸ் ஷீட்டில் டெங்கு என்று எழுதிவிடுகிறோம். முதல் தவறு அங்கேதான் நடக்கிறது. உண்ணிக்காய்ச்சல் (ஸ்க்ரப் டைஃபஸ்), மலேரியா, எலிக்காய்ச்சல், ரத்தத்தில் பரவிய பாக்டீரியா தொற்று என எல்லாமே பிளேட்லெட்டை இறக்கும்.

அதனால் உடுப்பைத் தளர்த்திப் பாருங்கள். அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்துக்கு அடியில், பாவாடை நாடா அழுத்தும் இடுப்பு. உண்ணிக்காய்ச்சல் என்றால் அங்கே சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கருப்புப் பொருக்கு இருக்கலாம். பெரும்பாலும் வலிக்காது, அரிக்காது. நோயாளியே அதைச் சொல்லமாட்டார். பார்த்துவிட்டால் ரிசல்ட்டுக்குக் காத்திராமல் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தொடங்க வேண்டும். நோய் முற்றியவர்களுக்கு அதோடு அசித்ரோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்லது என்று 2023-ல் வெளியான இந்திய ஆய்வு காட்டியது.

அடுத்தது, பிளேட்லெட்டோடு நின்றுவிடுவது. கடுமையான தொற்றில் சிறு ரத்தக்குழாய்களுக்குள் ரத்தம் உறைந்துகொண்டே போகும். உறைவதற்கான சரக்கு தீர்ந்ததும் கசியத் தொடங்கும். இதுதான் டிஐசி. ஊசி குத்திய இடத்தில் ஒட்டிய பிளாஸ்டர் மறுபடி மறுபடி நனைகிறதா? உடனே பி.டி. (ரத்தம் உறைய எடுக்கும் நேரம்), ஃபைப்ரினோஜன் (ரத்தத்தை உறையவைக்கும் புரதம்), டி-டைமர் (உறைந்த ரத்தம் கரையும்போது வரும் துணுக்கு) பரிசோதனைகளுக்கு அனுப்புங்கள், சில மணி நேரத்தில் திரும்பவும் பாருங்கள். தொற்றில் ஃபைப்ரினோஜன் ஏறியிருக்க வேண்டும்; அப்போது 'நார்மல்' என்று வருவதே சரிவாக இருக்கலாம். இந்தப் பரிசோதனைகளுக்கு ரத்தம் எடுக்கும் நீல மூடி ட்யூபைக் கோடுவரை நிரப்பாமல் அனுப்பினால் பி.டி. பொய்யாக நீண்டு காட்டும். அவசரத்தில் அதிகம் நடக்கும் பிழை இது.

ரத்தக்கசிவே இல்லாதவருக்கு எண்ணைப் பார்த்து பயந்து பிளேட்லெட் ஏற்றாதீர்கள். 10 ஆயிரத்துக்குக் கீழே போகும்வரை பொதுவாகத் தேவைப்படாது. கசிகிறது என்றால் 50 ஆயிரத்துக்கு மேல் வைக்கப் பார்க்கலாம். ஏற்றுமுன் ரத்தப் பூச்சை ஒருமுறை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். உடைந்த சிவப்பணுக்கள் நிறைய இருந்து, பி.டி. சரியாக இருந்தால் அது டிடிபியாக, அதாவது சிறு ரத்தக்குழாய்களில் பிளேட்லெட் கட்டிகள் அடைக்கும் வேறொரு நோயாக இருக்கலாம். அதற்கு வேண்டியது பிளாஸ்மா மாற்று சிகிச்சை.

தோலில் ஊதா நிறத் திட்டு தெரிந்தால் அதை 'அலர்ஜி' என்று தள்ளக்கூடாது. பேனாவால் விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டு நேரம் குறியுங்கள். அரை மணியில் கோட்டைத் தாண்டியிருந்தால், திட்டு கருக்கத் தொடங்கினால், அது பர்புரா ஃபுல்மினன்ஸாக, அதாவது தோலின் ரத்தக்குழாய்கள் உறைந்து அடைபட்டுத் தோல் அழுகும் நிலையாக இருக்கலாம். மண்ணீரல் எடுத்தவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். ஆன்டிபயாடிக் அந்த நிமிடமே போக வேண்டும், முதுகுத் தண்டு நீர் எடுப்பதற்காகக் காக்க வைக்காதீர்கள்.

கடைசியாக, எல்லோரையும் ஏமாற்றும் ஒன்று: எச்எல்எச், அதாவது நோய் எதிர்ப்பு சக்தியே கட்டுமீறி உடலின் ரத்த அணுக்களை விழுங்கும் நிலை. எட்டாம் நாளும் ஜுரம் விடவில்லை, மண்ணீரல் கைக்குத் தட்டுப்படுகிறது, மூன்று வகை அணுக்களும் இறங்குகின்றன, ஃபெரிட்டின் (இரும்பைச் சேமிக்கும் புரதம்) பல ஆயிரம். ஆனால் அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர் மட்டும் குறைகிறது. "தேறி வருகிறார்" என்று நினைத்துவிடுவோம். உண்மையில் ஃபைப்ரினோஜன் கரைந்துபோனதால்தான் இஎஸ்ஆர் விழுகிறது. உடனே ரத்தவியல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை, முதல் நாள் அவசரத்தில் யாரும் பார்க்காமல் விட்ட அந்தப் பாவாடை நாடா இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். உண்ணிக்காய்ச்சல் கிளப்பிவிட்ட எச்எல்எச் டாக்சிசைக்ளினிலேயே அடங்கிப்போவதும் உண்டு.