காலை காபியை விட முடியாதவர்கள் தைராய்டு மாத்திரையை இரவுக்கு மாற்றலாம்

தைராய்டு குறைவுக்குத் தைராக்ஸின் மாத்திரை போடுபவர்கள், காலையில் காபிக்கு முன் அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருக்க முடியவில்லை என்றால், டாக்டரிடம் சொல்லிவிட்டு மாத்திரையை இரவு படுக்கும் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். சாப்பிட்டு 3 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். வெறும் தண்ணீரில் விழுங்குங்கள், பாலோடு வேண்டாம். மாற்றும் நாளில் காலை மாத்திரையை விட்டுவிட்டு இரவில் போடுங்கள். ஒரே நாளில் இரண்டு கூடாது.

இந்த மாத்திரையைச் சிறுகுடல்தான் உறிஞ்சுகிறது. வயிறு காலியாக இருந்தால் நன்றாக ரத்தத்தில் சேரும். உடனே காபி உள்ளே போனால் சேரும் அளவு குறைந்துவிடும். டி.எஸ்.எச். (தைராய்டு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் ஹார்மோன்) இறங்கவில்லையே என்று 50 மைக்ரோகிராம் மாத்திரை 75 ஆவதற்குப் பல வீடுகளில் அந்த டம்ளர் காபியும் ஒரு காரணம். டோஸைக் கூட்டும் முன் இதைச் சரிபார்ப்பது நல்லது.

ஒன்பதரைக்குச் சாப்பிட்டுப் பத்து மணிக்குப் படுப்பவர்களுக்கு இது ஒத்துவராது. இரவில் கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்களுக்கும் அப்படித்தான். அவை தைராக்ஸினைப் பிடித்துவைத்துக்கொள்ளும், 4 மணி நேர இடைவெளி கட்டாயம். கர்ப்பிணிகள் தாங்களாக நேரத்தை மாற்றவே கூடாது.

மாற்றிய பிறகு 6 முதல் 8 வாரத்தில் டி.எஸ்.எச். பாருங்கள், அதற்கு முன் பார்த்தால் சரியான அளவு தெரியாது. இடையில் படபடப்போ கைநடுக்கமோ வந்தால் மட்டும் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள், டோஸ் அதிகமாகியிருக்கலாம்.