முதுகு மதிப்பீடு 20-லிருந்து 40 ஆனது இப்படித்தான்

அமெரிக்க முன்னாள் படைவீரர் துறை கீழ்முதுகுக்கு ஊனச் சதவீதம் போடுவது பெரும்பாலும் குனியும் கோணத்தை வைத்துத்தான். முழுக்கக் குனிந்தால் 90 டிகிரி. 30-ஐத் தாண்டி 60 வரை என்றால் 20 சதவீதம். 30 அல்லது அதற்கும் கீழே என்றால் 40. எம்ஆர்ஐ படம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் இந்தக் கணக்கை அது மாற்றாது.

முதல் முறை மருத்துவப் பரிசோதனையில் நான் கோட்டைவிட்டது இங்கேதான்: பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தேன். படையில் பழகிய வீம்பு! வலி தொடங்கும் இடத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். கோனியோமீட்டர் என்ற கோணமானியை வைத்து அளக்கிறார்களா என்று கவனியுங்கள், கண்மதிப்பு செல்லாது. வலி முற்றும் நாட்களில் எவ்வளவு குனிய முடிகிறது, மாதம் எத்தனை முறை, எத்தனை மணி நேரம் என்பதையும் சொல்ல வேண்டும். எனக்குக் கைகொடுத்தவை மூன்று மாத வலிக் குறிப்பும், வீட்டார் 21-10210 படிவத்தில் எழுதிய சாட்சியமும்.

காலுக்கு இறங்கும் நரம்புவலிக்குத் தனிச் சதவீதம் உண்டு. பலர் கேட்பதே இல்லை.

முதலில் 21-0966 படிவம், அதாவது விண்ணப்பிக்கப்போகிறேன் என்ற அறிவிப்பு, கொடுத்துக் கோரிக்கைத் தேதியைப் பிடித்துவையுங்கள். ஓராண்டுக்குள் 21-526ஈஇசட் என்ற விண்ணப்பப் படிவம் போக வேண்டும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: சதவீத உயர்வு கேட்டால் மறுபடி அளப்பார்கள். சதவீதம் குறையவும் கூடும்.